மாமி மித்தா, மருமகள் இரத்னாவலி

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில் நாளந்தாவில் இறங்கி ஒரு கிலோமீற்றர் அளவு உள்ளே நடந்தால் கெடிகே வந்துவிடும். மாமல்லபுரத்து இரதங்களைப் பார்த்த கண்ணுக்கு இந்தக் கல் கட்டடம் அந்நியமாகத் தெரியாது. அதே அடித்தள வரிசை, அதே கூடு வளைவு. கட்டியவர்கள் பௌத்தர்கள், கட்டுமான மரபோ பல்லவர் நாட்டினுடையது. போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது கல் கல்லாகப் பிரித்தெடுத்து மேட்டில் மறுபடி அடுக்கினார்கள். இன்று நீர் சூழ்ந்த அந்த மேட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் தம்புள்ளைக் குகைகளுக்கோ சிகிரியாவுக்கோ பஸ் பிடிக்கப் போய்விடுகிறார்கள்.

12ஆம் நூற்றாண்டில் இந்த நாளந்தா ஒரு படை முகாம். இலங்கை அரசர்களின் வரலாற்றைச் சொல்லும் பாளி நூலான சூளவம்சத்தின் போர் அத்தியாயங்களில் இந்தப் பெயர் வருகிறது. முகாமிட்டவர் பராக்கிரமபாகு. பின்னாளில் பொலன்னறுவையின் பேரரசராகப் பாடநூல்களில் இடம்பிடித்தவர். இங்கிருந்து வடகிழக்கே பொலன்னறுவையில் கஜபாகு, தெற்கே உறுகுணையில் மானாபரணன். மூன்று தரப்பும் ஒன்றையொன்று அழிக்கப் பல ஆண்டுகள் போரிட்டன. இந்தப் பகைக்குள் புகுந்து உறவு முறையைப் பார்த்தால் கொஞ்சம் தலை சுற்றும். கஜபாகு, பராக்கிரமபாகுவின் தாயுடைய சகோதரன் மகன். மானாபரணன், பராக்கிரமபாகுவின் சித்தப்பா மகன். அது போதாதென்று இரண்டு எதிரிகளுமே பராக்கிரமபாகுவின் சகோதரிகளை மணந்தவர்கள். நடந்தது மச்சான்மாரின் சண்டை.

அரசர்களின் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்தச் சண்டை ஏன் வந்தது என்று கேட்டால் விடை வராது. எந்தப் பெண்ணை யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்கத் தொடங்கினால் நூல் நுனி போய் நிற்பது மித்தா என்ற இளவரசியிடம்.

மித்தாவின் குடும்பம் அரண்மனையில் வாழ்ந்த குடும்பம் அன்று. 1017இல் சோழப் படை ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துக் கடல் கடந்து கொண்டுபோனது. அவர் சோழ நாட்டிலேயே 1029இல் இறந்தார். பொலன்னறுவை ஜனநாதமங்கலம் ஆயிற்று. மிஞ்சிய அரச குடும்பத்தார் உறுகுணைக் காடுகளில் ஒளிந்து திரிந்தார்கள். அந்த ஒளிவு வாழ்க்கைக்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1948இல் மாத்தறை மாவட்டத்துப் பனாகடுவ கிராமத்தில் மண் வெட்டியபோது மூன்று செப்பேடுகள் கிடைத்தன. மித்தாவின் அண்ணன் முதலாம் விஜயபாகு தன் 27ஆம் ஆட்சியாண்டில் வெளியிட்ட சாசனம் அது. சோழரால் நாட்டை இழந்து மலைக்காட்டில் மறைந்திருந்த காலத்தில், தந்தை மொக்கல்லானர் உட்பட முழுக் குடும்பத்தையும் புதல் என்ற தலைவர் காத்ததையும், காட்டுக் கிழங்கும் கீரையும் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்ததையும் அது சொல்கிறது. அதற்கு நன்றியாகப் புதலின் சந்ததிக்குப் பெரிய சலுகைகளைக் கொடுக்கிறது. பட்டத்துக்கு வந்து இருபத்தேழு ஆண்டு கழிந்தும் ஒரு மன்னன் தான் தின்ற கிழங்கை மறக்கவில்லை. சாசன மொழிக்குள் இப்படிப்பட்ட வாசனை அபூர்வம்.

பொலன்னறுவையை விஜயபாகு சோழரிடமிருந்து மீட்டது 1070 அளவில். மீட்ட கையோடு அரசருக்கு வந்த தலையிடி கல்யாணம். அவருக்கு வம்சம் வேண்டும், நட்பு நாடுகள் வேண்டும், சோழனை எட்டத்தில் வைக்கவும் வேண்டும். கலிங்கத்திலிருந்து திலோகசுந்தரி என்ற இளவரசியை வரவழைத்து மணந்தார். அவரோடு அவருடைய உறவுக்காரர் மூவரும் வந்து சேர்ந்தார்கள். அரண்மனைக்குள் கலிங்கத்தார் என்றொரு பக்கம் அன்று உருவாயிற்று. இது பிறகு தேவைப்படும்.

அடுத்தது தங்கை மித்தா. அவரைச் சோழ மன்னன் பெண் கேட்டான். ஒரு முறையல்ல, பல முறை. விஜயபாகு கொடுக்கவில்லை. பாண்டிய வம்சத்து இளவரசர் ஒருவரை வரவழைத்து அவருக்குக் கொடுத்தார். சோழனுக்கு இதைவிட நேரடியாக ‘முடியாது’ என்று சொல்ல வழியில்லை. தமிழகத்தில் பாண்டியர் அன்று சோழருக்குக் கீழே நசுங்கிக் கிடந்தவர்கள். ராஜாதிராஜ சோழனின் மெய்க்கீர்த்தி, மானாபரணன் என்ற பாண்டியனின் தலையைக் கொய்ததாகப் பெருமை பேசுகிறது. மித்தா தன் மூத்த மகனுக்கு வைத்த பெயர் மானாபரணன். மற்ற இரு மகன்கள் கீர்த்திசிறிமேகன், ஸ்ரீவல்லபன். கடைசிப் பெயரும் பாண்டியருடையதே. தோற்ற வம்சத்தின் பெயர்களை இலங்கையின் அரண்மனைத் தொட்டிலில் இட்டுத் தாலாட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பாண்டியக் கணவரின் பெயரைச் சூளவம்சம் சொல்லவில்லை. மூன்று மகன்களைத் தந்ததோடு அவர் கதையிலிருந்து மறைந்துவிடுகிறார். வழக்கமாகப் பெண்களுக்கு நேரும் கதி இங்கே ஓர் ஆணுக்கு நேர்ந்திருக்கிறது.

மித்தா மறையவில்லை. விஜயபாகுவின் 30ஆம் ஆட்சியாண்டில், தன் தூதர்களின் மூக்கையும் காதையும் சோழர் அறுத்த கோபத்தில் அவர் சோழர்மீது படையெடுக்கக் கட்டளையிட்டார். பொலன்னறுவையிலிருந்த வேளைக்காரப் படையினர் மறுத்தார்கள். அவர்களில் தமிழர் பலர். சொந்த மண்ணுக்கு எதிராக வாள் தூக்க மனம் வராமல் கலகத்தில் இறங்கித் தளபதிகள் இருவரைக் கொன்று, அரண்மனைக்குத் தீ வைத்தார்கள். சிறைப்பிடித்தது யாரை? மித்தாவையும் அவருடைய மூன்று மகன்களையும். மன்னரின் மனைவிமார் இருக்க, தங்கையும் பிள்ளைகளுமே பிணையாகப் போதும் என்று கலகக்காரர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்றால், அரியணைக்கு அடுத்த வரிசையில் நின்றவர்கள் யார் என்பது தெருவில் நின்றவனுக்கும் தெரிந்திருந்தது. விஜயபாகு தெற்கே போய்ப் படை திரட்டி வந்து கலகத்தை அடக்கினார். தலைவர்களை எரித்தார். அதே வேளைக்காரர், பின்னாளில் தந்ததாதுக் கோயிலான தளதாய்ப் பெரும்பள்ளியைக் காக்கப் பொறுப்பேற்று, பொலன்னறுவையில் தமிழில் ஒரு கல்வெட்டை வெட்டிவைத்தார்கள். விஜயபாகு 55 ஆண்டு ஆண்டதை அந்தக் கல்லும் சொல்கிறது.

விஜயபாகுவுக்கும் திலோகசுந்தரிக்கும் பிறந்த பெண்களில் ஒருவர் இரத்னாவலி. அவருடைய உடல் இலட்சணங்களைப் பார்த்து, இவள் வயிற்றில் இறந்தகால, எதிர்கால அரசர் எல்லோரையும் விஞ்சும் ஒரு மகன் பிறப்பான் என்று தந்தை சொன்னதாகச் சூளவம்சம் எழுதுகிறது. இந்தப் பகுதி எழுதப்பட்டது அந்த மகன் பிறந்து, ஆண்டு, மறைந்த பிறகு. எழுதியவர் அவன் புகழ் பாடியவர். ஆகவே தீர்க்கதரிசனத்தைக் கொஞ்சம் உப்புப் போட்டே விழுங்கலாம். இரத்னாவலியை மணந்தவர் மித்தாவின் மூத்த மகன் மானாபரணன். அத்தை மகனுக்கு மாமன் மகள். நம் வீடுகளில் பிள்ளை பிறந்த அன்றே பேசி வைக்கிற சம்பந்தம் இது. சிங்களவருக்கும் அப்படித்தான். மித்தா பிறப்பால் இரத்னாவலிக்கு மாமி, கல்யாணத்தாலும் மாமி. அடுத்த மகன் கீர்த்திசிறிமேகனுக்குக் கொடுத்ததும் விஜயபாகுவின் மகளைத்தான். கடைசி மகன் ஸ்ரீவல்லபனுக்கு விஜயபாகுவின் பேத்தி சுகலா வாய்த்தார். மாமியின் மூன்று மருமகள்மாரும் அண்ணனின் இரத்தம்.

1110இல் விஜயபாகு இறந்தார். திலோகசுந்தரியின் மகன் விக்கிரமபாகு அப்போது தெற்கே உறுகுணையில். முறைப்படி விஷயத்தை அவருக்கு அறிவிக்க வேண்டும். மித்தா அறிவிக்கவில்லை. மூன்று மகன்களையும், அமைச்சர்களையும், துறவிகள் சிலரையும் கூட்டிப் பேசினார். மன்னரின் தம்பி ஜயபாகுவை அரியணையில் ஏற்றினார். உபராஜாவாகத் தன் மகன் மானாபரணனை வைத்தார். உபராஜா பதவி அடுத்த அரசனாவதற்கான படி. வழக்கப்படி அது அவருக்குப் போயிருக்கக் கூடாது என்று சூளவம்ச ஆசிரியரே முணுமுணுக்கிறார். ஜயபாகு வயதானவர். கணக்குத் தெளிவு: அவருக்குப் பின் மானாபரணன், மானாபரணனுக்குப் பின் மித்தாவின் பேரன்.

காட்டில் கிழங்கு தின்று வளர்ந்த குடும்பத்துப் பெண், பெண் கேட்டு வந்த சோழனைத் தவறவிட்ட பெண், கலகத்தில் பிள்ளைகளோடு பிணையாகக் கிடந்த பெண், தன் வயதான காலத்தில் ஓர் அரியணையைச் சதி செய்து பிடித்தார் என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆண் செய்தால் அதற்கு இராஜதந்திரம் என்று பெயர் வைத்திருப்போம்.

சதி வெற்றி, போர் தோல்வி. செய்தி கேட்ட விக்கிரமபாகு திரும்பி வந்து அடுத்தடுத்த சண்டைகளில் சகோதரர் மூவரையும் முறியடித்துப் பொலன்னறுவையைப் பிடித்தார். ஆனால் அவருக்கு முடிசூட்டு நடக்கவில்லை. தோற்ற ஜயபாகுவின் பெயரிலேயே தொடர்ந்து சாசனங்களில் ஆண்டு எண்ணப்பட்டது. மித்தாவும் ஜயபாகுவும் உறுகுணையில் கடைசிக் காலத்தைக் கழித்து அங்கேயே இறந்தார்கள். மகன்கள் மூவரும் நாட்டைக் கூறு போட்டுக்கொண்டார்கள். மூத்தவர் மானாபரணனுக்குத் தக்கிணதேசம், அதாவது இன்றைய வடமேல் மாகாணமும் அதை ஒட்டிய பகுதிகளும். இளையவர்களுக்கு உறுகுணை. மாத்தளை மேட்டு நிலம், தக்கிணதேசத்துக்கும் பொலன்னறுவைக்கும் நடுவில் கதவுநிலை போல வந்து மாட்டிக்கொண்டது.

இரத்னாவலியின் நிலையைப் பாருங்கள். பொலன்னறுவையில் ஆள்வது கூடப்பிறந்த சகோதரன். அவனுக்கு எதிரே நிற்பது கட்டிய கணவன். அரசன் மகளாகப் பிறந்தவர், முடிசூடாத ஒரு சிற்றரசரின் மனைவியாகத் தக்கிணதேசத்தில் குடித்தனம் நடத்தினார். மித்தா, பபாவதி என்று இரண்டு பெண்கள். மூத்த பெண்ணுக்கு மாமியின் பெயர். ஆண் குழந்தைக்காக மானாபரணன் ஆட்சிப் பொறுப்பை அமைச்சர்களிடம் விட்டுவிட்டு விரதம் இருந்தார், கனவுகள் கண்டார் என்றெல்லாம் சூளவம்சம் நீட்டி எழுதுகிறது. அதைக் கடந்து போவோம். பிள்ளை பிறந்தது, பராக்கிரமபாகு என்று பெயரிட்டார்கள். செய்தி கேட்ட விக்கிரமபாகு, மருமகனைத் தன்னிடம் அனுப்புங்கள், என் மகன் கஜபாகுவோடு சேர்த்து வளர்க்கிறேன் என்று ஆள் அனுப்பினார். தகப்பன் மறுத்துவிட்டார். அனுப்பியிருந்தால் நாளந்தாவுக்கு முகாம் தேவைப்பட்டிருக்காது என்று ஊகிக்கலாம். எனக்கு அந்த ஊகத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரே வீட்டில் வளர்ந்த அரச குமாரர்கள் ஒருவரையொருவர் விட்டுவைத்ததாக எந்த நாட்டு வரலாறும் அதிகம் சொல்வதில்லை.

இதே தக்கிணதேசத்தில், இதே ஆண்டுகளில் இன்னோர் இளவரசியும் இருந்தார். நிக்கவரட்டியாவுக்கு அருகே புதுமுத்தாவ விகாரையில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஜயபாகுவின் 8ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, குலோத்துங்க சோழனின் மகள் சுத்தமல்லியாழ்வார், பாண்டியர் வீரப்பெருமாளின் மனைவி, மாகலில் இருந்த விக்கிரமசலாமேக ஈஸ்வரத்துக்கு விளக்கெரிக்கக் கொடை கொடுத்ததைச் சொல்கிறது. சோழன் மகள், பாண்டியன் மனைவி, சிங்கள மன்னனின் ஆட்சியாண்டு, சிவன் கோயில் விளக்கு. வீரப்பெருமாள் எந்தப் பாண்டியக் கிளை என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. ஆனால் ஒன்று கவனத்துக்குரியது. மித்தாவைப் பற்றியும் இரத்னாவலியைப் பற்றியும் நமக்குத் தெரிந்ததெல்லாம் துறவி ஒருவர் எழுதியது. சுத்தமல்லியோ தன் காசில் கல் வெட்டித் தான் யார் என்று சொல்லியிருக்கிறார். கணவர் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயரைச் சொல்லி. சோழன் மகள் என்ற உரிமையைப் பாண்டியன் வீட்டிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

மானாபரணன் நோயில் இறந்தபோது பராக்கிரமபாகு சிறுவன். கீர்த்திசிறிமேகன் வந்து தக்கிணதேசத்தை எடுத்துக்கொண்டார். உறுகுணை முழுதும் ஸ்ரீவல்லபனுக்குப் போனது. கணவனை இழந்த இரத்னாவலி இரண்டு பெண்களையும் பையனையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவல்லபனின் பொறுப்பில் உறுகுணையின் மகாநாககுலத்துக்குப் போக வேண்டியதாயிற்று. கொழுந்தன் வீட்டில், பிள்ளைகளோடு, விதவை. எந்தக் காலத்திலும் இதற்கு ஒரே பொருள்தான்.

அங்கே ஸ்ரீவல்லபனுக்கும் சுகலாவுக்கும் பெரியப்பாவின் பெயரிலேயே மானாபரணன் என்று ஒரு மகன் (தொடக்கத்தில் சொன்ன உறுகுணை எதிரி இவர்தான்), லீலாவதி என்று ஒரு மகள். இரத்னாவலியின் மூத்த மகள் மித்தா கல்யாண வயதுக்கு வந்தபோது ஸ்ரீவல்லபனுக்கு ஒரு பயம் பிடித்தது. கலிங்க வம்சத்தார் இந்த நாட்டு அரியணையைப் பல முறை பெற்றவர்கள். இரத்னாவலியின் தாய் கலிங்கம். பொலன்னறுவை விக்கிரமபாகுவின் தாயும் அவரே. இரத்னாவலி தன் மகளை இரகசியமாக அனுப்பிக் கஜபாகுவுக்குக் கொடுத்துவிட்டால் அந்தப் பக்கம் பலத்துவிடும், தன் மகன் துணையற்றுப் போவான். ஆகவே தாயின் விருப்பம் வேறாக இருந்தும், பெண்ணைத் தன் மகன் மானாபரணனுக்கே கட்டிவைத்துவிட்டார்.

சூளவம்சம் இதை இரண்டு வம்சங்களின் போட்டியாகவே சொல்லிக் கடக்கிறது. தமிழ் வீட்டில் வளர்ந்த யாரும் இங்கே ஒரு நிமிடம் நிற்பார்கள். கஜபாகு, மித்தாவுக்குத் தாய்மாமன் மகன். உரிமை மாப்பிள்ளை. ஸ்ரீவல்லபனின் மகன் யார்? தகப்பனின் தம்பி மகன். நம் முறையில் அண்ணன், தங்கச்சி. சிங்கள உறவு முறையும் இந்த விஷயத்தில் நம்முடையதுதான். மாமன் மகன் காத்திருக்க, சித்தப்பா மகனுக்குக் கழுத்தை நீட்டச் சொன்னார்கள். ஒரு தாய் அதை எதிர்த்தார் என்பதற்கு கலிங்கப் பெருமை மட்டும் காரணமாக இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. மூன்று தலைமுறை அரச குடும்பத்துக் கல்யாணங்களில், பெண் வீட்டில் ஒருத்தி ‘எனக்குச் சம்மதமில்லை’ என்று நின்றது பதிவாகியிருப்பது இந்த ஒரு முறைதான். அதுவும் பலிக்கவில்லை.

இப்படிப் பெண் பிள்ளைகளைப் பணயமாக வைத்த ஊர் பொலன்னறுவை மட்டுமா என்றால் இல்லை. ஐரோப்பாவின் வடகோடியிலும் இதே கதை. ஸ்கொட்லாந்து மன்னர் வில்லியம், சிங்கம் என்று பட்டப்பெயர் பெற்றவர், 1209இல் இங்கிலாந்து மன்னர் ஜோனிடம் பணிந்து நோரம் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். 15,000 மார்க் பணம் கொடுப்பதாக ஒப்புக்கொண்டதோடு மார்கரெட், இசபெல்லா என்ற மகள்கள் இருவரையும் ஜோனிடம் ஒப்படைத்தார். ஜோனின் மகன்களுக்கு இவர்களைக் கட்டிவைப்பார்கள் என்பது ஸ்கொட்லாந்துக்காரர்களின் எண்ணம். நடந்தது வேறு. மார்கரெட்டை 1221இல் ஹியூபர்ட் டி பர்க் என்ற பிரபுவுக்குக் கொடுத்தார்கள். இசபெல்லா 1225இல் நோர்போக் பிரபுக் குடும்பத்து ரோஜர் பிகொட்டுக்கு மனைவியானார். அரசிகளாகப் போகிறோம் என்று எல்லை தாண்டியவர்கள் பிரபுக்களின் மனைவிமாராக முடிந்தார்கள். தகப்பன் 1214இலேயே இறந்துபோனார். அந்த 1209இல் நம் பொலன்னறுவையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பராக்கிரமபாகு வளர்ந்ததும் உறுகுணையை விட்டுச் சித்தப்பா முறையான கீர்த்திசிறிமேகனிடம் தக்கிணதேசத்துக்கு வந்தார். பிள்ளை இல்லாத அவர் இவரைத் தன் வாரிசாகவே வைத்திருந்தார். ஆனால் இளைஞனுக்கு அந்தச் சின்ன நாடு போதவில்லை. ஓர் இரவில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினார். வழியில் தன்னைத் தடுத்து நிறுத்தக்கூடிய எல்லைத் தளபதி சங்கனைக் கொன்றார். கொன்ற பிறகு திரும்பிப் போக வழியில்லை. துரத்தி வந்த ஆட்களோடு மோதிக்கொண்டே அவர் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று புத்தகாமம்.

இது மாத்தளை மாவட்டத்தில் இருக்கிறது. நாவுலவுக்கும் தம்புள்ளைக்கும் இடையே பிரதான வீதியை விட்டு விலகி, மெனிக்தெனா மலையடியில் குளக்கரை ஓரமாகப் பரந்து கிடக்கும் விகாரை இடிபாடுகள்தான் அந்தப் புத்தகாமம். அங்கே கிடைத்த கல்வெட்டு ஒன்றில் ‘புத்கம்’ விகாரையின் பெயர் இருப்பதால் அடையாளம் காண முடிந்தது. இப்போது தொல்லியல் காப்பிடம். மரத்தோட்டமும் கூடவே இருக்கிறது. சிகிரியாவின் கூட்டத்தில் நூறில் ஒரு பங்கு கூட இங்கே வருவதில்லை. கல்தூண்கள் வரிசை வரிசையாக நிற்க, நடுவே மரங்கள் தங்கள் இஷ்டத்துக்கு வளர்ந்திருக்கின்றன. பொலன்னறுவைப் பேரரசு என்று நாம் படிப்பது, ஓடி வந்த ஓர் இளைஞன் இங்கே மூச்சு வாங்கியபோது தொடங்கியது.

இங்கிருந்து அவர் கஜபாகுவிடம் போனார். மாமன் மகன் வரவேற்றார். பராக்கிரமபாகு தன் இளைய சகோதரியை வரவழைத்துக் கஜபாகுவுக்குக் கட்டிக்கொடுத்தார். அதோடு வந்த பொருளைச் சீதனம் என்ற பெயரில் தன் கையில் வைத்துக்கொண்டார் என்கிறது சூளவம்சம். மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்துகொண்டே ஒற்றர்களை ஏவி நாட்டை அளந்தார். தாய் தன் மூத்த மகளுக்கு வேண்டும் என்று நினைத்திருக்கக்கூடிய சம்பந்தத்தை மகன் இளைய சகோதரிக்குச் செய்துவைத்தார், ஆனால் உளவு பார்க்க. அந்தப் பெண் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று ஒரு வரிகூட இல்லை.

சந்தேகம் வந்து கஜபாகுவை விட்டு விலகித் திரும்பிய பிறகு, சித்தப்பாவோடு சமாதானம் ஆக வேண்டியிருந்தது. தளபதியைக் கொன்றவன் முகத்தில் விழிக்க முடியாமல் எல்லையில் நின்றான். அப்போது இரத்னாவலி உறுகுணையிலிருந்து புறப்பட்டு வந்தார். முதலில் கீர்த்திசிறிமேகனைக் கண்டு பேசினார். பிறகு மகன் இருந்த இடத்துக்குப் போய் அவனைக் கூட்டிவந்து ஒப்படைத்தார். மகளின் கல்யாணத்தில் தோற்றவர், இதில் வென்றார். கீர்த்திசிறிமேகன் இறந்ததும் தக்கிணதேசம் பராக்கிரமபாகுவின் கைக்கு வந்தது. இந்த ஒரு பயணம் நடக்காமல் போயிருந்தால் வாரிசுரிமை யாருக்குப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது.

பிறகு நாளந்தாவும், மலையக வழிகளும், மச்சான்மாரின் போரும். கஜபாகு பிடிபட்டு விடுவிக்கப்பட்டார். இருவரும் செய்த உடன்படிக்கை சங்கமுவ விகாரைப் பாறையில் இன்றும் இருக்கிறது: உயிருள்ளவரை ஒருவர்மீது ஒருவர் போர் தொடுப்பதில்லை, முதலில் இறப்பவரின் நாடு மற்றவருக்கு, ஒருவரின் பகைவர் இருவருக்கும் பகைவர். கஜபாகு 1153 அளவில் இறந்தார். உடனே உறுகுணையிலிருந்து மானாபரணன் கிளம்பினார். பராக்கிரமபாகுவின் அக்கா மித்தாவின் கணவர். பொலன்னறுவைக்காக இருவரும் மோதிய மோதல்கள், முந்திய போரை விடக் கொடியவை. தோற்ற மானாபரணன் உறுகுணைக்கு ஓடி அங்கே இறந்தார். அக்காவைத் தம்பி விதவையாக்கினார் என்று யாரும் எழுதவில்லை. எழுத்தில் அது வெற்றி மட்டுமே.

அடுத்துக் கொடி தூக்கியது மானாபரணனின் தாய் சுகலா. புத்தரின் தந்த தாதுவும் பாத்திர தாதுவும் அவர் கையில் இருந்தன. அவை யாரிடம் இருக்கின்றனவோ அவரே அரசர் என்ற நம்பிக்கை அன்று பலமாக இருந்ததால், மன்னர் அவற்றை மீட்காமல் விட முடியாது. உறுகுணைக் காடுகளில் பல சண்டைகளுக்குப் பிறகு தாதுக்கள் மீட்கப்பட்டன, சுகலாவும் பிடிபட்டார். சுகலாவின் மகள் லீலாவதி பராக்கிரமபாகுவின் பட்டத்தரசி. அதாவது அவர் அடக்கியது சித்தியையும் மாமியாரையும் ஒரே ஆளில். லீலாவதியோடு நடந்த அந்தக் கல்யாணமும் சித்தப்பா மகளோடுதான். அக்கா மித்தாவின் விஷயத்தில் தாய் எதிர்த்த அதே முறைகேடான சம்பந்தத்தை மகன் தானும் செய்துகொண்டார். அரியணைக்கு முன்னால் முறை எம்மாத்திரம்.

இரத்னாவலியின் கடைசி நாட்களைப் பற்றிச் செய்தி குறைவு. உறுகுணையில், கீரகாமத்தில், தாய் எரியூட்டப்பட்ட இடத்தில் பராக்கிரமபாகு 120 முழ உயரத்தில் இரத்னாவலி சேதியம் எழுப்பியதாகச் சூளவம்சம் சொல்கிறது. மொனராகலை மாவட்டத்தில் புத்தலவுக்கு அருகே யுதகனாவவில் நிற்கும் மிகப் பெரிய வட்டத் தூபி அதுவே என்று தொல்லியலாளர் பலர் கருதுகிறார்கள். ஊர்க் கதையில் அது துட்டகைமுனுவும் தம்பியும் போரிட்ட இடம். இந்நாட்டில் எந்தப் பெரிய இடிபாட்டைப் பார்த்தாலும் துட்டகைமுனுவை இழுத்துவிடுவார்கள். தாயின் சாம்பல் கிடக்கும் கதையை நம்புகிறவர் குறைவு.

பராக்கிரமபாகு 1186இல் இறந்தார். முடி போனது மகனுக்கல்ல, சகோதரி மகன் இரண்டாம் விஜயபாகுவுக்கு. மித்தா தொடங்கிவைத்த சகோதரி வழி ஆட்டம் இன்னும் ஓயவில்லை. பிறகு கலிங்கத்து நிஸ்ஸங்கமல்லன் வந்தார். நம் தம்புள்ளைக் குகையில் அவருடைய கல்வெட்டு இருக்கிறது, புத்தர் சிலைகளுக்குப் பொன் பூசிய கணக்கோடு. அவருக்குப் பின் தளபதிகள் ஆளுக்கொரு அரசரைத் தூக்கி உட்காரவைத்து இறக்கினார்கள். அப்படி 1197இல் அவர்கள் அரியணையில் ஏற்றியவர்களில் ஒருவர் லீலாவதி, கணவர் இறந்து பதினொரு ஆண்டுக்குப் பிறகு. மூன்று ஆண்டில் இறக்கப்பட்டார். 1209இல், ஸ்கொட்லாந்துப் பெண்கள் இருவரையும் எல்லை தாண்டி அனுப்பிய அதே ஆண்டில், லீலாவதியை இரண்டாம் முறை ஏற்றினார்கள். மறுபடி இறக்கி, 1211இல் மூன்றாம் முறை. அவர் பெயர் பொறித்த செப்புக் காசுகள் இன்றும் கிடைக்கின்றன. ஒரு பெண் மூன்று முறை முடிசூடி மூன்று முறை இழந்த கதை இந்தத் தீவில் வேறு இல்லை.

1212இல் அவரிடமிருந்து பொலன்னறுவையைப் பறித்தவர் பாண்டிய நாட்டிலிருந்து படையோடு வந்த ஒருவர். பெயர் பராக்கிரம பாண்டியன். மித்தாவின் கணவர் வந்த வீட்டிலிருந்துதான் இவரும் வந்தார், இம்முறை பெண் எடுக்க அல்ல. மூன்று ஆண்டு ஆண்டார். 1215இல் கலிங்கத்து மாகன் படையோடு இறங்கினான்.